கூடியுண்ணல் என்று எழுதிய பிழை

சென்ற வாரம், நுண்ணுயிரியல் துறை நண்பர் தம் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழாக்கித் தரக் கேட்டார். விடுதி உணவுக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனில், காற்றின்றி நிகழும் செரிமானமே அவருடைய ஆய்வுப்பொருள். 'சின்ட்ரோபி' என்ற சொல்லுக்கு அதன் கிரேக்க வேர்களைப் பிரித்துப் பார்த்து, 'கூடியுண்ணல்' என்று எழுதினேன். மொழியியல் படித்தவனின் பெருமிதம்!

"அவை ஒரே பந்தியில் அமர்வதில்லையே" என்றார் நண்பர்.

மாவுச்சத்தும் கொழுப்பும் சிதைந்து கரிம அமிலங்களாகின்றன. அவற்றைச் சில பாக்டீரியாக்கள் அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கின்றன. ஆனால் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அவ்வினையில் அவற்றுக்கு ஆற்றல் கிட்டாது. உணவின் நடுவே பட்டினி கிடக்கும். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்டால்தான் முன்னவை பிழைக்கும். கலனில் திடீரென மிகுதியாகக் கழிவைக் கொட்டினால், விரைந்து பெருகும் அமில உற்பத்தியாளர்கள் முந்திவிடுகின்றன. மெதுவாகப் பெருகும் ஆர்க்கியாக்கள் பின்தங்குகின்றன. கலன் புளித்து, வாயு குறைகிறது. அப்போது உணவை நிறுத்திக் காத்திருப்பதே முதல் மருத்துவம். புதிய கழிவுக்குக் கலன் பழகுவதும் அப்படித்தான்: அதுவரை சிறுபான்மையாய் இருந்த இனங்கள் பெருகி நிலைகொள்ளக் காலம் வேண்டும்.

நண்பர் ஒரு வரலாறும் சொன்னார். 'மெத்தனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கியை' என்னும் பெயரில் பல்லாண்டுகள் ஒரே உயிரியாக அறியப்பட்டது, உண்மையில் இரண்டு உயிரிகளின் கூட்டு என 1967இல் மார்வின் பிரையன்ட்டும் உடனாய்வாளர்களும் நிறுவினர். ஒன்று எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனை வெளியிட்டது. மற்றது அதை உண்டு மீத்தேன் தந்தது. இருவர் உழைப்பு ஒரு பெயரில் இருந்திருக்கிறது.

அன்றிரவு என் ஆய்வேட்டின் முன்னுரையைத் திறந்தேன். "கோலாமி மொழித் தரவுகளை நான் சேகரித்தேன்" என்றிருந்தது. யவத்மாள் மாவட்டத்து மூதாட்டி ஒருவர், என் பிழையான வாக்கியங்களை இரண்டு பருவங்கள் திருத்தினார். அவர் திருத்தியதால்தான் எனக்கு அடுத்த கேள்வியே தோன்றியது. விடைபெறும் நாளில் "என் பெயரும் வருமா?" என்று கேட்டார். வழக்கப்படி அவரைத் 'தகவலாளர் 3' ஆக்கியிருந்தேன்.

முறையான ஒப்புதல் பெற அடுத்த மாதம் செல்கிறேன். அதன்பின் அவர் பெயர் ஆய்வேட்டில் இருக்கும்.

சுருக்கத்தில் இப்போதைக்குச் 'சார்ந்துண்ணல்' என்று வைத்திருக்கிறேன். இதனினும் பொருத்தமான சொல் தோன்றினால் தெரிவியுங்கள்.