ஊவா இறக்கமும் வேகமானியும்

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளையோ சுமார் 680 மீற்றர் உயரத்தில். பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல வழியாக இறங்கும் பாதை, தேயிலைச் சரிவுகளைத் தழுவி வளைந்து வளைந்து வருகின்றது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதைகூட இந்த இறக்கத்திற்கு அஞ்சித் தெமோதரையில் ஒரு முழு வட்டம் சுற்றி, அந்நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்கின்றது. புகையிரதத்திற்கே அத்துணை நிதானம் தேவையெனில், இரு சில்லு வாகனத்தில் செல்வோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

இறக்கத்தில் இயந்திரத்தின் ஓசை தணிந்துவிடும். மூடுபனியில் மரமும் மதகும் மறைந்துவிடும். அப்போது வேகத்தை உள்ளபடி உரைப்பது வேகமானி ஒன்றே.

தோட்டப்புறங்களில் பழைய மோட்டார் சைக்கிள்கள் இன்னும் மிகுதி. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை புதியவை வாராதிருந்தமையால், பழையனவற்றையே பேணிக் காக்க வேண்டியதாயிற்று. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த நாட்களில், ஒரு லீற்றருக்கு எத்தனை தூரம் என்று கணக்கிடவும் இக்கருவியே துணை நின்றது.

சென்ற மார்கழியில் பண்டாரவளைக்கு அப்பால் எமது பழைய ஹொண்டாவின் முள் திடீரெனப் பூச்சியத்தில் படுத்துவிட்டது. புதிய மானி வாங்கும் எண்ணத்தோடு பதுளையில் ஒரு கராஜுக்குச் சென்றோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் முதலில் வினவியது இதுதான்: “சேர், தூரம் காட்டுற நம்பர் ஓடுதுங்களா?”

“அதுவும் நின்றுவிட்டது, ஐயா.”

“அப்ப மீட்டர் சாகலைங்க. கேபிளைப் பார்ப்போம்.”

முன் சில்லின் நடுவிலுள்ள சிறு பற்சக்கரம், உறைக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியைச் சுழற்றுகிறது. அக்கம்பி மானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதனைத் தொடாமலே சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் தானும் திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் அதனை இழுத்துப் பிடிக்கிறது. இவ்விரு விசைகளும் சமப்படும் இடத்தில் முள் நிற்கிறது. தூர எண்களையும் அதே கம்பியே நகர்த்துகின்றது. ஆதலால் எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால் பழுது மானிக்குள். இரண்டும் நின்றால் பெரும்பாலும் கம்பியிலோ பற்சக்கரத்திலோ.

பெரியவர் கேபிளின் மேல்முனையைக் கழற்றினார். முன்சில்லை உயர்த்திச் சுழற்றினார். கம்பி அசையவில்லை, உருவிப் பார்த்தபோது நடுவே அறுந்திருந்தது. அதே நீளத்தில் வேறொன்றை எடுத்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசினார். மேல்முனையில் ஒரு சாண் அளவிற்குப் பூசவில்லை. அங்கே பூசினால் அது மானிக்குள் ஏறி முள்ளைச் சிக்கவைக்கும் என்றார். உறையையும் கூரிய வளைவின்றிப் பொருத்தினார். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

மானியையே மாற்ற நேர்ந்தால், வேறு வகை வண்டியின் மானி பொருந்துவதுபோல் தோன்றினும் பொய்க்கணக்குக் காட்டக்கூடும். மைல் கணக்கு மானியாயின், அதில் 30 என்பது ஏறக்குறைய 48 கிலோமீற்றர் என்பதையும் மறத்தலாகாது.

மாலையில் கொழுந்துச் சுமையுடன் தாய்மாரும், பள்ளி விட்டுச் சிறுவரும் கடக்கும் பாதை இது. இவ்வழி செல்லும் இளைஞர்கள், முள் நின்ற அன்றே அதனைச் சீர்செய்துகொள்வார்களாக.