24 தீப்பெட்டி

நேத்து டியூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்தா, சாப்பாட்டு மேசை முழுக்க காலி தீப்பெட்டி. பொண்ணு எண்ணிட்டு இருந்தா. "அப்பா, இன்னும் மூணு வேணும்."

எங்க வீட்ல டிசம்பர் வர்றது இப்படித்தான் தெரியும். போன வருஷம் போட்ட போட்டோவைப் பார்த்துட்டு சிலர் கேட்டிருந்தீங்க. அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அட்வென்ட் காலண்டர்னா, டிசம்பர் 1-லேர்ந்து 24 வரைக்கும் தினம் ஒரு குட்டிக் கதவு திறந்து கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுறது. 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியில, வீட்டுக் கதவுல சாக்பீஸால 24 கோடு போட்டு தினம் ஒண்ணு அழிப்பாங்களாம். அதை அச்சுக் காலண்டரா பரவலாக்கினவர் மியூனிக்கைச் சேர்ந்த கெர்ஹார்ட் லாங். சின்ன வயசுல அவங்க அம்மா அவருக்காக ஒரு அட்டையில 24 தின்பண்டம் கோத்துக் கொடுத்ததுதான் விதைன்னு சொல்வாங்க. ஆக, கடைச்சரக்கு ஆகுறதுக்கு முன்னாடியே இது வீட்டுல செஞ்ச பொருள்.

நான் முதல்ல ஆன்லைன்ல சாக்லேட் வச்சதைத்தான் வாங்கினேன். டிசம்பர் 3-க்குள்ள 24 கதவும் திறந்தாச்சு. நாலு வயசு மகனோட கைவண்ணம்.

அடுத்த வருஷம் சாக்லேட்டுக்குப் பதிலா, எல்லாரும் சேர்ந்து செய்யுற ஒரு வேலையை ஒவ்வொரு பெட்டியிலயும் எழுதி வச்சேன். தீப்பெட்டிகளை அட்டையில ஒட்டி நம்பர் போட்டாச்சு. எழுதினது என்னன்னு கேளுங்க: பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, வீட்டுலயே கேக்... ஆசைக்கு எழுதிட்டேன், டியூட்டி லிஸ்ட்டைப் பார்க்கவே இல்ல.

அஞ்சாம் தேதியிலேர்ந்து சரிஞ்சது. ஒரு நாள் எமர்ஜென்சி, ஒரு நாள் லீவு போட்டவருக்குப் பதிலா நைட். 13-ம் தேதி பார்க்கிறேன், அட்டையில ஏழு பெட்டியைக் காணோம். பொண்ணு அதையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில வச்சிருந்தா. "இது அப்பாக்க பங்கு. அப்பா வந்த பொறவு திறக்கலாம்னு வச்சேன்." அழல, கோவிச்சுக்கல. ஏழு வயசுல அப்பா வரமாட்டார்ங்கிறதுக்கு அவளே ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கா.

அன்னைக்கு ராத்திரியே முறையை மாத்தினோம். தேதிக்கும் வேலைக்கும் முடிச்சு கிடையாது. சீட்டெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவுல இருக்கும். முந்தின நாள் ராத்திரி லிஸ்ட்டைப் பார்த்து, நாளைக்கு நடக்கக்கூடிய ஒரு சீட்டை மட்டும் பெட்டிக்குள்ள வைப்போம். பாதிச் சீட்டு பத்து நிமிஷ வேலையா இருக்கணும். எனக்கு நைட் டியூட்டின்னா "அப்பாவுக்கு போன்ல ஒரு விடுகதை". குடில் புல்லுக்கு கேழ்வரகு விதைக்கிறது, ஸ்டார் கட்டுறது, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பலகாரம் கொண்டு போறது. இதுல பாதி எப்படியும் டிசம்பர்ல செய்யுற வேலைதானே? இதுவரைக்கும் என் மனைவி ஒருத்தியே செஞ்சிட்டு இருந்தா. அது எனக்கு அப்போதான் உறைச்சது.

பெரிய வேலை ஞாயித்துக்கிழமை மட்டும். முந்திரிக்கொத்து அப்படித்தான். வறுத்துப் பொடிச்ச பயறுல வெல்லப்பாகு சேர்த்து உருட்டுறது பிள்ளைங்க. எண்ணெய்ச் சட்டிகிட்ட பெரியவங்க மட்டும். டாக்டரா ஒண்ணு சொல்லிக்கிறேன்: சூடு பட்டா உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ, முகம், கையில பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்கு வாங்க. டிசம்பர் முழுக்க பேஸ்ட் பூசின கைகளைத்தான் பார்க்கிறேன்.

ஒரு சீட்டுல "அப்பாம்மாட்ட பழைய கிறிஸ்துமஸ் கேக்கணும்"னு இருந்துச்சு. எங்கம்மா கடற்கரை ஊர்க்காரி. மூங்கில் சீவி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ள மண்ணெண்ணெய் விளக்கு வச்ச ஸ்டாரை ஒரு வருஷம் ஆட்டிவிட்டு, அது எரிஞ்சே போச்சாம். ஓலைக்கூரைக்குப் பரவுறதுக்குள்ள அவங்க அப்பா நனைஞ்ச சாக்கைப் போட்டு அமுக்கினாராம். யார் பண்ணினதுன்னு கேட்டவங்ககிட்ட, "காத்து"ன்னாராம். "கடைசி வரைக்கும் காத்துன்னே சொன்னாரு மக்ளே." 41 வருஷம் அம்மா கூட இருக்கேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லையே.

அடுத்த ஞாயிறு அதே மாதிரி மூங்கில் ஸ்டார் செஞ்சோம். உள்ள எல்இடி பல்புதான். ஒரு முனை கோணல். அம்மா அதைத்தான் வாசல்ல கட்டச் சொன்னாங்க.

எல்லா நாளும் ஒழுங்கா நடக்குதான்னு கேட்டா, இல்ல. போன வருஷமும் நாலு பெட்டி தவறிப்போச்சு. அந்த நாலையும் ஜனவரியில திறந்தோம்.

இந்த வருஷம் சீட்டு எழுதுறது பிள்ளைங்க பொறுப்பு. மகன் எழுதினதுல ஒண்ணு மட்டும் கண்ணுல பட்டுச்சு: "அப்பா என்கூட சும்மா இருக்கணும்". எவ்வளவு நேரம்னு கேட்டேன். யோசிச்சுட்டு, "தூக்கம் வர்ற வரைக்கும்"னான்.

இன்னும் ஒம்பது சீட்டு பாக்கி, மூணு தீப்பெட்டியும் தேடணும். பத்து நிமிஷத்துல முடியுற ஐடியா இருந்தா கீழ சொல்லுங்க.