எங்கள் லயத்துத் தப்புச் செட்

துரை பங்களாவில் மணிக்கூடு இருந்தது, ஆபீசில் ஒன்று இருந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்களுக்கு நேரம் சொன்னது தப்புப் பறைதான். விடியற்காலை இருட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு கேட்கும். இரண்டாம் முறை கேட்பதற்குள் அம்மா தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி தட்டி, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும்.

மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைக்கு மேலே ஏறிப் போகிற தோட்டம் எங்களுடையது. மேல் பிரிவான மேற்கணக்கில் தேயிலை, கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ரப்பரும் கொக்கோவும். இரண்டு கணக்குக்கும் சேர்த்து ஒரே தப்புச் செட். ஏழெட்டுப் பேர். பெரியப்பா அடியைத் தொடங்கி நடத்துகிற எடுப்பு, அப்பா அதைத் தொடர்ந்து அடிக்கிற ஒத்து, மாமா உறுமி, மற்றவர்கள் கூட்டுத் தப்பு, ஒரு தாத்தா ஜால்ரா. பகலில் பெரியப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒருவருக்கும் வாசிப்பது தொழில் இல்லை. காமன் கூத்துக்கு அரிசியும் காய்கறியும் வரும், சாவுக்கு வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் சாராயம். அவ்வளவுதான் வரும்படி.

தப்பு வாசிப்பதில் பாதி வேலை தோலைச் சூடு காட்டுவது. கவ்வாத்தில் விழுந்த மிலாறுக் குச்சிகளைக் கூட்டித் தீ வைத்து, அது கனன்று அடங்குகிற நேரம் பார்த்து வட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். சூடு கூடினால் தோல் வெடிக்கும், குறைந்தால் சத்தம் எழும்பாது. பெரியப்பா விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, "இன்னும் ரெண்டு சுத்து" என்பார். அவர் சரி என்று சொல்லாமல் யாரும் குச்சியைத் தொடமாட்டார்கள்.

வருஷத்தில் பெரிய காரியம் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை தினம் ராத்திரி கொட்டு. பகல் முழுக்க மலையில் நின்றவர்கள் எப்படி விடிய விடிய அடித்தார்கள் என்பது எனக்கு இப்போதும் விளங்காத காரியம். மன்மதனும் ரதியும் புஜக்கட்டை கட்டி, கிரீடம் வைத்து ஒரே தாளத்துக்கு லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் ஓர் அடி, தூதனுக்கு ஓர் அடி, எமனுக்கு ஓர் அடி. வீரபத்திரன் வரும்போது அடி சட்டென்று மாறும். அந்த மாற்றத்தைப் பெரியப்பா ஒரு நொடி முன்னால் எடுத்துக் கொடுப்பார். வேஷக்காரனுக்கு அருள் வருவதும் வராததும் அந்த ஒரு நொடியில் இருந்தது. பௌர்ணமி இரவு தகனம். மன்மதன் எரிந்து, ரதி ஒப்பாரி வைக்கும்போது செட் முழுக்கச் சாவு அடிக்கு இறங்கும். கூத்துதானே என்று யாரும் சும்மா நிற்பதில்லை, பெண்கள் நிஜமாகவே அழுவார்கள்.

கீழே உள்ள சிங்களக் கிராமத்தை நாங்கள் 'நாடு' என்போம். நாட்டிலிருந்து ஒருவர் தகனத்துக்குத் தவறாமல் வருவார். விகாரையில் கண்டி மேளம் அடிக்கிற பரம்பரை. மேள மாமா என்று கூப்பிடுவோம். பெரியப்பாவுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. இருவரும் தோலைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆட்டுத் தோல் நல்லதாக அகப்பட்டால் எங்களுக்குக் கொண்டுவந்து தருவார்.

இதையெல்லாம் சொல்கிறவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காமன் கூத்தில் எல்லாச் சாதியும் சேர்ந்து நின்றது உண்மை. சாவு விழுந்தால் தப்பெடுக்க வேண்டியது எங்கள் வீடுகள் மட்டும் என்பதும் உண்மை. காமன் பொட்டலில் பெரியப்பாவை "மாஸ்டர்" என்றவர்கள், மறுவாரம் சாவு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் அவரை ஏற்றமாட்டார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சாதி ஒழிப்புப் பேசிய இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் பரவியபோது, எங்கள் இளவட்டங்கள் தப்பைத் தூக்கிப் போடத் துணிந்தது அதனால்தான். "இனி எழவுக்கு அடிக்கமாட்டோம்" என்று என் சித்தப்பா ஒருவர் தோட்டத் தலைவர் வீட்டு வாசலிலேயே சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. தப்பு அழிந்தது என்று புலம்புகிறவர்களில் பலர் அதை ஒருநாளும் தோளில் போட்டவர்கள் இல்லை.

ஆனால் செட்டை உடைத்தது சித்தப்பா இல்லை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் போட்ட கையெழுத்து. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன எங்களை இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்பது. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே லயக் காம்பராவில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் மனுப் போட்டார்கள். யார் எதற்குப் போட்டார்கள் என்பதில் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. பாரம் நிரப்பிய கணக்கப்பிள்ளை சொன்னது பாதி, பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னது பாதி.

பெரியப்பா இந்தியாவுக்குப் போட்டார். அப்பா இலங்கைக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரியப்பாவுக்குப் பாஸ்போட் வந்தது, பின்னால் குவிட் நோட்டீசும் வந்தது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயில் கோச்சிக்கு மலைநாட்டில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அதில் ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் தன் தப்பைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். அத்தைமார் பிளாட்பாரத்தில் விழுந்து அழுதார்கள். பெரியப்பா அழவில்லை. அப்பாவிடம், "வீரபத்திரனுக்கு ஏறயில அவசரப்படாத" என்று மட்டும் சொன்னார். கோச்சி போன பிறகுதான் அப்பா எங்களிடம் அதைச் சொன்னார்.

பெரியப்பாவைக் கோத்தகிரிப் பக்கம் போட்டார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில் சம்பளம், குளிர், 'சிலோன்காரன்' என்று கூப்பிடுகிறார்கள் என்ற விபரம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: இங்கே மூடுபனிக்குத் தோல் ஏறவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு சூடு காட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிடுகிறது.

பிறகு பஞ்சம். 1973, 74. அரிசி இல்லை, மாவு இல்லை, மரவள்ளியும் தீர்ந்தது. அந்த நாட்களில் எங்கள் செட் சாவுக்கு அடித்த அளவுக்கு வேறெதற்கும் அடிக்கவில்லை. சித்தப்பாவும் அடித்தார். அடிக்கமாட்டேன் என்று சொன்னவரே, யாரும் கேட்காமல் தப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. சில தோட்டங்கள் ஜனவசம, உசவசம என்ற புது அமைப்புகளின் கீழ் வந்தன. எங்கள் ஆட்களுக்கு வேலை நாள்தான் குறைந்தது.

1977 தேர்தல் முடிந்து ஆகஸ்டில் தமிழர் மேல் அடி விழுந்தது. மாமா குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். மலைநாட்டில் அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வன்னிக்குப் போன காலம் அது. உறுமியை எங்களிடம் விட்டுப் போனார். எங்களில் யாருக்கும் அதைச் சரியாக உரசத் தெரியாது.

1983 ஜூலை. கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியதை ரேடியோவில் கேட்டோம். சில நாட்களுக்குள் மாத்தளை டவுன் எரிந்தது. எங்கள் மலையிலிருந்து புகை தெரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலுக்கும் தீ வைத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தவர்கள் சொன்னபோதுதான் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த எங்கள் முன்னோர் தம்புள்ளை தாண்டி மலை ஏறுகிற வாசலில் இருந்த தாய் அவள். மாசி மகத் தேருக்கு எங்கள் செட் காவடிக்கு முன்னால் அடித்துப் போயிருக்கிறது.

அன்று இரவு லாம்பெல்லாம் அணைத்துவிட்டு ரப்பர் மலைக்குள் இறங்கினோம். லயத்தில் தீப்பிடித்தால், பிள்ளை காணாமற்போனால், சிறுத்தை வந்தால் ஊரைக் கூட்ட ஓர் அடி உண்டு. மூச்சு விடாமல் அடிக்கிற அடி. மேற்கணக்கில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வேறு வழி இல்லை. இறங்கும் முன் சித்தப்பா தப்பைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடித்தால் மேற்கணக்குக்கும் கேட்கும், கீழேயிருந்து தீ வைக்க வருகிறவர்களுக்கும் கேட்கும். கடைசியில் இரண்டு பையன்களை இருட்டில் குறுக்கு வழியே ஓடவிட்டோம். தப்பைச் சித்தப்பா திரும்பவும் சுவரில் மாட்டினார். ஏன் மாட்டினார் என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

வந்தவர்கள் டோர்ச் லைட்டும் பெற்றோல் டின்னும் வைத்திருந்தார்கள். எங்கள் லயம் வரிசையாக எரிவதை ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து பார்த்தோம். தாத்தாவையும் கைப்பிள்ளைக்காரிகளையும் மேள மாமா தன் வீட்டுக்குப் பின்னால் கொக்கோ காய வைக்கிற கொட்டிலில் ஒளித்து வைத்தார். அவர் வாசலிலும் வந்து கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

டவுனில் அகதி முகாமாக இருந்த பாடசாலையில் சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். தப்புகள் போன இடம் தெரியவில்லை. தோலும் பலகையும் எரிந்தால் என்ன மிஞ்சும்? உறுமியும் போயிருந்தது. சாம்பலைக் கிளறியபோது கருகிப்போன ஜால்ரா ஒரு சோடி அகப்பட்டது. அம்மா புளி போட்டுத் துலக்கி, பஜனைக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. போகாமல் மிஞ்சியவர்கள் இங்கேயே என்றாயிற்று. காமன் ஊன்றலாம் என்று ஒரு வருஷம் முயன்றோம். பக்கத்துத் தோட்டத்தில் தப்பு இரவல் வாங்கினோம். ரதி மன்மதன் அடி வந்தது, எமன் அடியும் ஒருவாறு வந்தது. வீரபத்திரனுக்கு வந்தபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒத்து அடிக்கிறவனுக்கு எடுப்பு காதில் இருக்கும், கையில் இருக்காது. அப்பா ஒரு வருஷம் முன்னால்தான் காலமாகியிருந்தார். வேஷக்காரன் இரண்டு சுற்று ஆடிவிட்டு, அருள் வராமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு 87, 88, 89. இந்த முறை அடி நாட்டுக்குள். ஜே.வி.பி. கலவரமும் அதை அடக்க வந்தவர்களும். மாத்தளையில் இராத்திரியில் யாரும் வெளியே வராத காலத்தில் விடிய விடியக் கூத்து எங்கே ஆடுவது? மேள மாமாவின் மகனை ஒரு மாலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. 2012இல் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் தோண்டியபோது 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை எந்தக் காலத்தவை, யாருடையவை என்ற வழக்காடல் தீர்ந்தபாடில்லை. மேள மாமா அதற்கு முன்பே போய்விட்டார்.

2023இல் நாங்கள் வந்து 200 வருஷம் என்று, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தார்கள். ஜூலை 28 புறப்பட்டு ஆகஸ்ட் 12 வந்து சேர்ந்தார்கள். முன்னோர் விழுந்து செத்த பாதை. டவுனில் நானும் போய் நின்றேன். பிள்ளைகள் தப்படித்து வந்தார்கள், அதில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. எந்தச் சாதிப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்திருப்பார்.

நன்றாகத்தான் அடித்தார்கள். ஆனால் ஊர்வலத்துக்கான ஓர் அடி, அதன் வேகத்தைக் கூட்டி ஒன்று. மேடைக்கு அது போதும். ஓய்ந்தபோது ஒரு பையனிடம், "தம்பி, காமனுக்கு அடிப்பீங்களா?" என்று கேட்டேன். "சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல தாத்தா" என்றான்.

ஆட்கள் இருக்கிறார்கள். கோத்தகிரியில், கூடலூரில், வவுனியாவில், கிளிநொச்சியில் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். எடுப்பு தெரிந்தவர் ஓரிடம், ஒத்து தெரிந்தவர் ஓரிடம், உறுமிக்காரர் இன்னோரிடம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் அவர் கையில் ஒரு தப்பைக் கொடுங்கள், தப்பு இல்லையென்றால் ஒரு தகர டின்னாவது கொடுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இது எந்த வேஷத்துக்கான அடி, எந்தத் தோட்டத்தில் அடித்தது என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். ஒத்து மட்டும் தெரிந்தவரானாலும் விட்டுவிடாதீர்கள்.