பேரேட்டின் மேல் ஊன்றிய முழங்கை

பாஸ்டன் வணிகர் நிக்கலஸ் பாய்ல்ஸ்டன் என்றதும் எனக்கு முகத்துக்கு முன்னால் முழங்கைதான் நினைவுக்கு வரும். தடித்த பேரேடுகளின் மேல் அது சாவகாசமாக ஊன்றியிருக்கும். 1767-இல் ஜான் சிங்கிள்டன் காப்ளி பாஸ்டனில் தீட்டிய படம். இன்று ஹார்வர்டில் இருக்கிறது. முதல் பார்வையில் பேரேடு எங்கே தெரிகிறது? பட்டு அங்கியின் மினுமினுப்பு கண்ணை விடுவதில்லை. கீழைநாட்டுச் சாயலில் தைத்த, வீட்டில் அணியும் அங்கி. அக்காலக் கனவான் வெளியே கிளம்பினால் பொய்முடி வேண்டும். அதற்காக மழித்த தலையை வீட்டில் குல்லாய் மூடும். இவர் அந்தக் குல்லாயோடே உட்கார்ந்துவிட்டார். யார் வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லாதவரின் தோரணை. அதற்கான பணம் வந்த வழியைப் பின்னால் தெரியும் கடலும் கப்பலும் சொல்லிவிடும்.

1766-இல் இவர் வீட்டில் விருந்துண்ட ஜான் ஆடம்ஸ் (பின்னாளில் அமெரிக்க அதிபர்), துருக்கிக் கம்பளங்களையும் கட்டில் திரைகளையும் கண்டு மலைத்து நாட்குறிப்பில் எழுதினார். ஆடம்ஸின் தாயும் பாய்ல்ஸ்டன் குடும்பத்துப் பெண்தான். பாய்ல்ஸ்டன் விட்டுப்போன பணத்தில் ஹார்வர்டில் உருவான பேச்சுக்கலைப் பேராசிரியர் பதவிக்கு 1806-இல் முதலில் வந்தவர் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி. உறவும் பணமும் எப்படியெல்லாம் சுற்றி வருகின்றன!

மனம் மறுபடி 1767-க்கே போகிறது. தேயிலை, காகிதம், கண்ணாடி, ஈயம், ஓவிய வண்ணங்கள் ஆகியவற்றுக்கு அமெரிக்கக் குடியேற்றங்களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போட்ட ஆண்டு அது. பாய்ல்ஸ்டன் இறக்குமதி செய்த சரக்கில் தேயிலையும் காகிதமும் கண்ணாடியும் உண்டு. காப்ளியின் தூரிகை தொடும் வண்ணத்துக்கும் வரி! இதை அறிந்தபின் அந்த நிம்மதியான முகத்தை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. 1773-இல் தேயிலை வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலையைப் பெற இருந்தவர்களில் காப்ளியின் மாமனாரும் ஒருவர். அவர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இடையே தூது போய்ப் பலிக்காத காப்ளி, மறு ஆண்டே கப்பலேறினார், திரும்பவேயில்லை.

பாய்ல்ஸ்டன் 1771-இலேயே இறந்துபோனார். நீ அரசர் பக்கமா, புரட்சிப் பக்கமா என்று ஊர் கேட்கும் நாள் அவருக்கு வரவில்லை. தம்பி தாமஸுக்கு வந்தது. அவரையும் காப்ளி தீட்டியிருக்கிறார். 1777-இல் காப்பியை நியாய விலைக்குத் தர மறுத்த அவரைப் பாஸ்டன் பெண்கள் திரண்டு வந்து, கழுத்தைப் பிடித்து வண்டியில் தள்ளி, சாவியை வாங்கிக் கிடங்கைத் திறந்து, காப்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அபிகெயில் ஆடம்ஸ் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது காப்ளி வரைந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன். ஓவியருக்குக் கூலி கொடுக்க அவர்களிடம் என்ன இருந்திருக்கும்?