கருங்காலிப் பேனா

சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் முதல் வாரத்தில், ஜெர்மனியிலிருந்து எனக்கொரு பேனா வந்தது. அனுப்பியவர் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர். அங்கே பொறியாளராகப் பணிபுரிகிறார். அவருடைய தாய் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டை அடுக்கியவர். பேனாவுடன் வந்த கடிதம் சுருக்கமானது. "சாமி, இதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அன்றாடம் இதிலேயே எழுதுங்கள். ஓராண்டு கழித்து, எப்படி எழுதுகிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்."

ஓராண்டு கழிந்துவிட்டது. அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து, அவருடைய இசைவுடன் இங்கே தருகிறேன்.

பேனாவின் உடல் கருங்காலி மரம். மூடியும் கழுத்தும் உலோகம். நிப்பு பதினெட்டுக் காரட் தங்கம்; அதாவது நான்கில் மூன்று பங்கு பொன். செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. விலை எங்கள் உபதேசியாரின் சில மாத ஊதியத்தைத் தாண்டுகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முதல் திறனாய்வு ஆலைத் தொழிலாளி ஒருவரிடமிருந்து வந்தது. "என்ன சாமி, கருங்காலி உங்க சட்டைப்பையிலேயே வந்து உட்கார்ந்துட்டானா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆலைகள் மிகுந்த ஊரில் கருங்காலி என்றால் முதலில் மரம் நினைவுக்கு வராது. வேலைநிறுத்தத்தின்போது பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவன்தான் நினைவுக்கு வருவான். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டச் செய்யும் மரம் என்பதால் வந்த பழி அது. தண்ணீரில் இட்டால் மூழ்குமளவு கனமும் உறுதியும் உள்ள மரம். காம்புக்கு அதைத் தேர்ந்தவன் மரம் அறிந்தவன். பழியை மரத்தின்மேல் போட்டது நம் வழக்கம்.

அருள்பணியாளருக்கு இத்தகைய பேனா ஆகுமா என்று சிலர் கேட்டனர். மறைமாவட்டக் குருக்கள் துறவியரைப்போல் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பவர்கள் அல்லர். ஆயினும் திருச்சபைச் சட்டம் 282, எளிய வாழ்வை மேற்கொள்ளவும் பகட்டின் சாயலைக்கூடத் தவிர்க்கவும் எங்களைப் பணிக்கிறது. சாயல் என்ற சொல்தான் கடினமானது. ஆனால் ஒரு தாயின் உழைப்பில் படித்த மகன் நன்றியாகக் கொடுத்ததை மறுப்பதிலும் ஒருவகைப் பகட்டு உண்டு. எனவே கேட்டபடி எழுதத் தொடங்கினேன்.

கையில் பிடித்தவுடன் மரத்தின் நன்மை தெரிந்தது. சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுபோன பிற்பகலில் பிளாஸ்டிக் பேனா பிசுபிசுக்கும். உலோகப் பேனா வழுக்கும். மரம் இரண்டும் செய்வதில்லை. கையின் சூட்டை விரைவில் ஏற்று, பழகிய பொருள்போல் அமைந்துவிடுகிறது. உள்ளங்கை எண்ணெயால் நாளடைவில் கருமை கூடி மெருகும் ஏறுகிறது. ஆனால் எழுதும்போது விரல் படும் இடம் கழுத்து, அதுவோ உலோகம். மரத்துக்கென்று கொடுத்த விலை மரத்தில் இருக்க, விரல்கள் வழவழப்பான உலோகத்தைப் பற்றிக்கொண்டு வேர்க்கின்றன. இந்த அமைப்பு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குளிர்நாட்டு மேசையில் அமர்ந்து வடிவமைத்தவர் வேர்க்கும் விரலை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். எடையும் மிகுதி. ஒரு கடிதம் எழுதலாம். ஞாயிறு மறையுரையை முழுதும் எழுதி முடிக்கும்போது பெருவிரலின் அடி வலிக்கிறது.

சித்திரை இறுதியில், மரம் உலோகத்தோடு சேரும் வாயருகில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் தென்பட்டது. பங்கிலுள்ள தச்சரிடம் காட்டினேன். அவர் வியப்படையவில்லை. மரம் வெட்டுண்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரம் குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பேனாவின் உடல் நீளவாக்கில் கடைந்த மரக்குழாய். உள்ளே உலோகக் குழாய். வெளியே உள்ள மரம் இறுகப் பார்க்கிறது. உள்ளே உள்ள உலோகம் இடங்கொடுக்க மறுக்கிறது. பிறகு எங்கேயாவது பிளந்துதானே ஆகவேண்டும்? கருங்காலி இவ்வகை வெடிப்புக்குப் பெயர்போன மரமும்கூட. இதற்காகவே சில நிறுவனங்கள் மரத்தின் நுண்துளைகளில் செயற்கைப் பிசினை அழுத்திச் செலுத்தி, ஈரம் புகாதபடி செய்கின்றன. அப்படிச் செய்தால் பேனா பிழைக்கும். மரத்தைத் தொடும் உணர்வு பாதியாகும்.

கரிசல்காட்டில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் மண்ணே அப்படித்தான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசி மழையில் உப்பி மூடிக்கொள்ளும். அதன்மேல் கட்டிய சுவர்களும் கூடவே வெடிக்கும். பேனாவின் விரிசலும் ஐப்பசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒடுங்கியது. தை பிறந்ததும் மறுபடி தலைகாட்டியது.

இவ்விடத்தில், நான் இறையியல் படித்த நாளில் திருச்சியில் வாங்கிய எபொனைட் பேனாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் காய்ச்சிக் கெட்டிப்படுத்திய ரப்பர். 19ஆம் நூற்றாண்டில், கருங்காலிக்கு மாற்றாகப் பயன்படும் கரிய பொருள் என்பதால் எபொனி என்ற அம்மரத்தின் ஆங்கிலப் பெயரை ஒட்டியே இதற்கும் பெயரிட்டார்கள். ஆகவே என்னிடம் இரண்டு கருங்காலிகள் இருந்தன: ஒன்று அசல், மற்றொன்று நகல். நகல் வெடிப்பதில்லை, வேர்வையில் வழுக்குவதில்லை, எடை குறைவு. உடலுக்குள் நேராகவே மையை ஊற்றலாம். இரண்டு வாரம் வரும். மரப்பேனாவில் அப்படி ஊற்ற முடியாது, மரம் மையைக் குடித்துவிடும். உள்ளே ஒரு சிறு உறிஞ்சுகுழாய். நான்கு நாளைக்கொருமுறை நிரப்பவேண்டும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களைச் செய்பவர்கள் இன்றும் எபொனைட் தண்டுகளைக் கையால் கடைகிறார்கள். ஆந்திரத்து ராஜமகேந்திரவரத்தில் இரத்தினம் செய்த உள்நாட்டுப் பேனாவைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தவர் தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவர் ஜே. சி. குமரப்பா. அதைப் பயன்படுத்திப் பார்த்த அடிகள், கடைத்தெருவில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று 1935இல் கடிதம் எழுதினார். வாங்கி வைத்துக்கொண்டு வாழ்த்தவில்லை. எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்பதே எனக்குப் பிடித்த செய்தி.

உடலைப் பற்றி இவ்வளவு பேசினாலும், எழுதுவது நிப்புதான். நிப்பு என்றவுடன் நம் பகுதியினருக்குச் சாத்தூர் நினைவுக்கு வரவேண்டும். வெள்ளரிக்கும் சேவுக்கும் பெயர்பெற்ற அந்த ஊர், ஒரு காலத்தில் நிப்புக்கும் பெயர்பெற்றிருந்தது. எஃகுத் தகட்டை இலைவடிவில் வெட்டி, துளையிட்டு, வளைத்து, முனையைப் பிளந்து, பொன்னிற முலாம் பூசி அனுப்பினார்கள். சிறு சிறு பட்டறைகளில் கைகளால் நடந்த தொழில். ரீஃபில் பேனா வந்தபின் பெரும்பாலும் ஓய்ந்துபோயிற்று. என் தலைமுறை மாணவர்கள் பள்ளித் தரையில் தேய்த்து 'சரிசெய்த' நிப்புகளில் எத்தனை சாத்தூரில் பிறந்தவையோ!

தங்க நிப்பு வெறும் பகட்டன்று. கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் கூட்டி, கருவேலம்பிசின் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை புளிப்புத்தன்மை உடையது. சாதாரண எஃகை அரித்துவிடும். பொன்னை அரிக்காது. ஊற்றுப்பேனாவுக்குப் பொன் வந்த காரணங்களுள் அதுவும் ஒன்று. முனையில் தாளைத் தொடுவதோ பொன்னன்று. தேயாத வேறோர் உலோகக் கலவையின் சிறு துளி. இந்தப் பேனாவின் நிப்பு உண்மையிலேயே அருமையானது. அழுத்தம் கேட்பதில்லை; கக்குவதில்லை; ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தாலும் முதல் எழுத்திலேயே மை இறங்குகிறது. என் எபொனைட் பேனாவை இரண்டுமுறை உதறவேண்டும்.

ஆனால் கோடு தடிமன். உரோமன் எழுத்துக்கு அது அழகு. நம் 'ஞ'வின் சுழியும் 'ணை'யின் சுழிகளும் மை நிரம்பிக் கரும்புள்ளியாகிவிடுகின்றன. கருவிக்கேற்பவே எழுத்தும் வடிவம் பெறும். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று புள்ளியை விட்டு எழுதியதால் எகரமும் ஏகாரமும் மயங்கிய காலம் ஒன்று உண்டு. கொம்பைச் சுழித்து அம்மயக்கத்தைத் தீர்த்த வீரமாமுனிவர், இதோ பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். அவர் கையிலிருந்தது எழுத்தாணி. நல்லவேளை, தடித்த நிப்பு அன்று.

பங்குக்குருவின் அன்றாட எழுத்து எது? மறையுரையும் கடிதங்களும் போக, பதிவேடுகள். திருமணங்களைப் பதிவுசெய்ய வேண்டுமென்று 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் ஆணையிட்டது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகளை ஒவ்வொரு பங்கும் வைத்துக் காக்கவேண்டுமென இன்றைய சட்டம் 535 கூறுகிறது. பழைய ஏடுகளைப் புரட்டினால் கரிய மை பழுப்பாகியிருக்கும். சில இடங்களில் தாளையே தின்றிருக்கும். எனினும் பெயர் படிக்க முடியும். பள்ளிச் சேர்க்கைக்கும் திருமணத்துக்கும் பிறந்த நாளைத் தேடி வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் சான்று. இந்தப் பேனாவுடன் வந்த குறிப்போ, நிறுவனத்தின் மையைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர் என்கிறது. அந்த மை அழகான நீலம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கரைந்தோடுகிறது. பழைய மையைத் தாங்கவல்ல பொன்னை வைத்துவிட்டு அந்த மைக்கு மட்டும் தடை! கார்த்திகை மழையில் ஒழுகும் ஓட்டுக்கூரை அலுவலகத்தில், ஒரு குழந்தையின் பெயரை அந்த நீலத்துக்கு ஒப்படைக்க என்னால் இயலாது.

திருமண ஏட்டில் இன்னொரு சோதனை. மணமகன், மணமகள், இரு சாட்சிகள், குரு என்று ஐந்து கைகள் ஒரே பேனாவில் ஒப்பமிடவேண்டும். ஒரு திருமணத்தில் இதையே மேசைமேல் வைத்தேன். மணமக்கள் மெல்லக் கையெழுத்திட்டார்கள். சாட்சியாக வந்த பெரியவர் ரீஃபில் பேனாவுக்குப் பழகியவர். நிப்பைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருக்கும் இரண்டு தாளிலும் பதியும்படி அழுத்தினார். நிப்பு தப்பியது. இரண்டாம் சாட்சி பேனாவைப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையிலிருந்த ஐந்து ரூபாய்ப் பேனாவை எடுத்துக்கொண்டார். அவர் செய்ததுதான் சரியான மதிப்பீடு என்று கருதுகிறேன். பிறர் எடுக்கத் தயங்கும் பேனா ஒருவருடைய தனி மேசைக்குப் பொருந்தும். பலர் வந்துபோகும் பங்கு அலுவலகத்துக்குப் பொருந்தாது.

மாசி மாதத்தில் அந்த இளைஞரின் தாய் திருப்பலிக் கருத்துக் கொடுக்க வந்தார். "மகன் அனுப்புன பேனா எழுதுதா சாமி?" என்றார். "நீங்களே எழுதிப் பாருங்கம்மா" என்று ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினேன். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக் கற்றவர் அவர். பேனாவைக் கையில் உருட்டி, மரத்தைத் தடவி, முகர்ந்தும் பார்த்தார். எத்தனையோ கோடித் தீக்குச்சிகளைத் தொட்ட விரல்கள். பிறகு தம் பெயரையும் மகன் பெயரையும் நிதானமாக எழுதினார். "நல்லா எழுதுது சாமி. ஆனா பிடிக்கிற இடம் வழுக்குதே" என்று முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

பதிலில் இவை எல்லாவற்றையும் எழுதினேன். பதிவேடுகளுக்கு எபொனைட் பேனாவும் நீரில் கரையாத கறுப்பு மையும்; இரவில் எழுதும் கடிதங்களுக்கும் மறையுரைக் குறிப்புகளுக்கும் கருங்காலி. கழுத்து வழுக்குகிறது என்பதை மட்டும் அவருடைய தாயின் சொல்லாகவே எழுதி, அவர் இரு பெயர்களையும் எழுதிய தாளை உடன் வைத்தேன். விடுமுறைக்கு வரும்போது மெல்லிய நிப்பு ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். விரிசலுக்குத் தச்சர் தேன்மெழுகு பூசிக் கொடுத்திருக்கிறார். இந்தச் சித்திரை தாண்டட்டும், பார்க்கலாம்.