ஒரே இழுப்பில் இரண்டு வேலை

துப்பாக்கியால் இதுவரை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனாலும் தோட்டா தயாரிக்கும் மேசை முன்னால் பத்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதைதான் இன்று.

2015-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லஃபயேத் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். வேலியோரம் நின்று 'போன்ழூர், முஸ்யே' என்றேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கேஜன் மக்களுக்கு ஒரு காலத்தில் பிரெஞ்சுதான் வீட்டு மொழியாக இருந்தது. 1921-ல் மாநில அரசியல் சட்டமே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. பிரெஞ்சு பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை வாங்கியவர் இவர். பேசுவார், எழுதப் படிக்க வராது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, வேலைக் காலம் முழுக்க ஆங்கிலக் கோப்பு எழுதியவன். பிறகென்ன, தினமும் அவருடைய கராஜில்தான் எனக்குக் காப்பி.

அங்கே ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுகளை வைத்து, .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குத் தாமே தோட்டா செய்துகொள்வார். சுட்ட பித்தளைக் குப்பியைச் சுத்தம் செய்து, பிரைமர், மருந்து போட்டு, மேலே குண்டை உட்காரவைத்து, குப்பியின் வாயைக் குண்டிலுள்ள பள்ளத்துக்குள் மடித்து இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குக் கிரிம்ப் என்று பெயர். அதில்தான் கோளாறு. 50 தோட்டாவில் ஏழெட்டு ரிவால்வர் அறைக்குள் முழுசாக இறங்கவில்லை. சிலவற்றில் வாயோரம் ஈயச் சுருள் சீவிக்கொண்டு நின்றது.

"கை நடுங்குது, கண்ணும் போச்சு. எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். அதைக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் கணக்கு பொருந்தாத கோப்பை எப்படிப் பார்ப்பது என்று தெரியும். நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் வைத்தேன். கெட்டவை எல்லாவற்றிலும் வாய்க்குக் கீழே லேசான புடைப்பு இருந்தது. சுடாமல் மிச்சமிருந்த வெறும் குப்பிகளைக் காலிப்பரால் அளக்கச் சொன்னேன். நீளம் ஒன்றுபோல் இல்லை. சில, உச்ச அளவான 1.155 அங்குலத்தையே தாண்டியிருந்தன.

காரணம் புரிந்துவிட்டது. குண்டை இறக்குவதும் வாயை மடிப்பதும் ஒரே டையில், கைப்பிடியின் ஒரே இழுப்பில் நடந்தன. நீளக் குப்பியில் குண்டு தன் இடத்துக்கு வருமுன்பே வாய் மடங்க ஆரம்பித்துவிடுகிறது. மடங்கிய வாய், இறங்கிக்கொண்டிருக்கும் ஈயத்தைச் சீவுகிறது. பித்தளைக்குப் போக வழியில்லாமல் புடைக்கிறது. குட்டைக் குப்பியிலோ இறுக்கம் போதாது. சுடும்போது உதறலில் பக்கத்து அறைக் குண்டுகள் முன்னால் நகர்ந்து சுழல் உருளையே மாட்டிக்கொள்ளும் என்றார். குண்டு உள்ளே கூடுதலாக அமுங்கினாலும் ஆபத்து, அழுத்தம் ஏறிவிடும்.

மறுநாள் குப்பிகளை எல்லாம் ஒரே நீளத்துக்குச் சீவினார். குண்டின் அடி உரசாமல் உட்காரும் அளவுக்கு மட்டும் வாயை விரித்தார். டையை மேலே தூக்கி வைத்து முதலில் எல்லாக் குண்டுகளையும் உட்காரவைத்தார். பிறகு குண்டைத் தள்ளும் தண்டை மேலேற்றி, டையைக் கீழிறக்கி, தனிச் சுற்றாகக் கிரிம்ப். 50-ம் 'டொக்' என்று அறைக்குள் விழுந்தன. கையும் கண்ணும் காரணமில்லை!

கிரிம்புக்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டார். "செர்த்தீர்" என்றேன். மோதிரத்தில் கல் பதிப்பதற்கும் அதே சொல்தான். கல்லை அமர்த்திய பிறகுதானே தட்டான் விளிம்பை மடக்குவான்? ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, டைப் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பல வருஷத்துக்கு முன், ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பில், தேதியைச் சரிபார்த்துக்கொண்டே இன்னொரு கையால் முத்திரை குத்தினேன். பணியில் சேர்ந்த வருஷம் தப்பு. தணிக்கையில் அகப்படும்வரை அந்தம்மா குறைந்த தொகைதான் வாங்கினார். மன்னிப்புக் கேட்கப் போனபோது, "வேணும்னா செஞ்சீங்க, விடுங்க சார்" என்றார். வேலை மும்முரம் என்றுதான் அதுநாள்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். மும்முரம் இல்லை. ஒரே இழுப்பில் இரண்டு வேலை.

இப்போது மின்கட்டணம் கட்டினாலும் எண்ணை முதலில் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம்தான் பொத்தானை அழுத்துகிறேன். என்ன, கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டுமே.