கல்லங்குறிச்சிக் கற்கள்

சிலர் அஞ்சல்தலைகளைச் சேர்ப்பர். சிலர் பழங்காசுகளைச் சேர்ப்பர். நான் சேர்ப்பவை கற்கள். விடுமுறை நாள்களில் ஒரு சிறு சுத்தியல், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, பழைய செய்தித்தாள், எழுதுகோல் ஆகியவற்றைப் பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். மணிக்கற்களை நாடுவோர் காங்கேயம் பக்கம் செல்வர். என் கால்கள் பெரும்பாலும் அரியலூரை நோக்கியே நடக்கும்.

அரியலூரை அடுத்துள்ள கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்குக் கற்கம்பத்தையே பெருமாளாகக் கொண்டு மக்கள் வழிபடுகின்றனர். நிலவியல் அறிஞர்களோ அவ்வூரின் பெயரை ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கிற்குச் சூட்டியுள்ளனர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் படிந்து பாறையாயின. கிண்ணம்போல் குழிந்த தடித்த ஓடும், அதன்மேல் மூடிபோல் தட்டையான ஓடுமாக அவை கிடப்பதைக் காணலாம். உள்ளங்கையில் எடுத்தால் அவற்றின் கனம் நம்மை வியப்பில் ஆழ்த்தும்.

ஒருமுறை காரை என்னும் ஊரின் செம்மண் ஓடைகளில் நடந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் ஓடிவந்து, கண்ணாடித் தகடுபோல் ஒளிரும் கல்லொன்றை நீட்டினான்.

"ஐயா, இது வைரமா?" என்று கேட்டான்.

"நகத்தால் கீறிப் பார், தம்பி" என்றேன்.

கீறினான், கோடு விழுந்தது. அவன் முகம் வாடிற்று. மோஸ் என்னும் செருமானிய அறிஞர் 1812-ஆம் ஆண்டில் வகுத்த கடினவரிசையில் வைரத்தின் எண் 10; படிகக்கல்லின் எண் 7; நகத்தால் கீறக்கூடிய இந்த ஜிப்சத்தின் எண் 2. ஒளியைக் கண்டு மயங்காமல் கடினத்தைக் கண்டு தெளிதல் கற்களை அறியும் முறைகளுள் முதன்மையானது. சுண்ணாம்புக் கல்லாயின், அதன் பொடியில் எலுமிச்சஞ்சாற்றை விட்டால் நுரை கிளம்பும். ஜிப்சத்தில் அவ்வாறு கிளம்பாது. சிமெண்டு விரைந்து இறுகிவிடாமல் காப்பது அச்சிறுவன் கையிலிருந்த கல்லே என்று சொன்னதும் அவன் அதை மீண்டும் மடியில் முடிந்துகொண்டான். வைரமில்லை என்று எறிந்துவிடாத அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வடிவமும் நம்மை ஏமாற்றக்கூடும். 2020-ஆம் ஆண்டில் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி எங்கும் பரவிற்று. நிலவியல் அறிந்தோர் அவற்றைக் கண்டு, முட்டைகள் அல்ல, கடற்படிவு இறுகி உருண்ட கற்களே என்றனர். சிப்பியோ வேறொரு பொருளோ கருவாக அமைய, அதனைச் சுற்றியுள்ள மண்ணைக் கனிமங்கள் பிணைப்பதால் இத்தகைய உருண்டைகள் உண்டாகின்றன.

இவ்வட்டாரத்துச் சிப்பிகளை உலகம் அறிந்தது எவ்வாறு? கே, கன்லிஃப் என்னும் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். பின்னர் பிளான்ஃபோர்டு இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூவகையாகப் பிரித்தார். ஸ்டோலிச்கா உயிர்ப்படிவங்களை விரிவாக எழுதினார். ஒரு சிப்பி எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தெரிந்தாலன்றி இத்தகைய பணி நடவாது. இடம் அறியாத சிப்பி வெறும் அழகுப் பொருளே. ஆதலின், எடுத்த கல்லைத் தாளில் சுற்றுமுன் ஊர், நாள், அடுக்கு ஆகியவற்றை எழுதிவிடுவேன். அடுக்கிலே பதிந்திருப்பதைப் பெயர்ப்பதில்லை. மழை அரித்து விட்டதையே எடுப்பேன்.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பு சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. சுரங்கம் வெட்டியதனாலேயே பல அடுக்குகள் நம் கண்ணுக்குப் புலனாயின என்பதையும் மறுத்தல் ஆகாது. ஆயினும் வெட்டிய பாறை காத்திராது. அன்றன்றே உலைக்குச் செல்கிறது. சுரங்கத்தினுள் இசைவின்றி நுழைதல் கூடாது; உயிருக்கும் இடர். எனவே, இசைவு பெற்ற நாள்களில் மட்டும் விளிம்பில் நின்று அடுக்குகளை எண்ணி, ஒவ்வொன்றின் நிறத்தையும் தடிப்பையும் குறிப்பேட்டில் வரைந்துகொள்கிறேன். சென்ற ஆண்டு நான் வரைந்த சுவர்களுள் ஒன்று இவ்வாண்டு அங்கில்லை.